இடுப்பில் அரைக் கிலோ

டெக்ஸாஸில் கைத்துப்பாக்கி வாங்குவது பெரிய காரியமில்லை. வாங்கியதை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு முழு நாள் காரோட்டி, ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து, குனிந்து ஷூ கட்டி, கடைகண்ணிக்குப் போய்த் திரும்புவதுதான் பாடு. ஆசையாக வாங்கி ஒரு வாரம் அணிந்து, இடுப்பு கன்றிப்போய், அப்புறம் பெட்டகத்தில் நிரந்தரமாகப் பூட்டி வைத்துவிட்டவர்கள் ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தே பலர். “துப்பாக்கி சரியில்லை, இன்னும் சின்னதா வாங்கணும்” என்பார்கள். அநேகமாகத் துப்பாக்கி சரியாகத்தான் இருக்கும். உறையும் பெல்ட்டும்தான் மட்டம். அதனால் இந்த விமர்சனத்தில் துப்பாக்கிக்குக் கொஞ்சம் இடம், அதைத் தாங்கும் சாமான்களுக்கு நிறைய இடம்.

முதலில் சட்டம், சுருக்கமாக. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்ஸாஸில் 21 வயது நிரம்பிய, சட்டத்தால் தடுக்கப்படாத எவரும் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியோடு வெளியே போகலாம். வெளியே தெரிகிற மாதிரி வைப்பதானால் உறையில் இருக்க வேண்டும். பழைய உரிமம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது; வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது. பள்ளிக்கூட எல்லையிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற ஃபெடரல் சட்டம் மாநில உரிமம் பெற்றவருக்குத்தான் விலக்குத் தருகிறது. சும்மா வைத்திருப்பவருக்கு இல்லை. பள்ளிக் கட்டடத்துக்குள் போவது வேறு கதை, அங்கே உரிமம் இருந்தாலும் கூடாது. நம்மூர்ச் சங்கங்களின் பொங்கல் விழாவும் ஞாயிறு தமிழ் வகுப்பும் பெரும்பாலும் பள்ளிக் கட்டடங்களில்தான் நடக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்.

நம்மவர்களுக்கு இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே ஃபெடரல் குற்றம். வேட்டை உரிமம் மாதிரி ஒருசில விதிவிலக்குகள் உண்டு, அவ்வளவுதான். கிரீன் கார்டு வந்த பிறகுதான் இந்தப் பேச்சு. “சும்மா ஒரு தடவை பிடிச்சுப் பாக்கறேன் சார்” என்று கேட்கிற நண்பரிடம் நான் முதலில் கேட்பது விசாவைப் பற்றித்தான்.

வெளிப்படையாக வைக்கவே அனுமதி இருக்கும்போது எதற்கு மெனக்கெட்டு மறைப்பது? பால் பாக்கெட் எடுக்க வந்த பெண்மணி நம் இடுப்பைப் பார்த்துப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டாம் என்பது ஒரு காரணம். பிடுங்க நினைப்பவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டாம் என்பது இன்னொன்று. சட்டைத் துணியில் துப்பாக்கியின் வடிவம் புடைத்துத் தெரிவதை இங்கே ‘பிரிண்டிங்’ என்கிறார்கள். மறைத்து வைப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிற சொல் அது.

நான் மாற்றி மாற்றி அணிந்து பார்த்தவை இரண்டு, இரண்டும் 9 எம்.எம். ஒன்று கிளாக் 19. 1988-இல் வந்த மாடல், 15 தோட்டா, ஏறக்குறைய 4 அங்குலக் குழல், காலி மேகசினோடு சுமார் 670 கிராம், நிரப்பினால் 850. இன்னொன்று 2018-இல் வந்த சிக் சாவர் பி365. சுமார் ஒரு அங்குலத் தடிமன், 3.1 அங்குலக் குழல், 500 கிராம் சொச்சம். இந்தச் சின்ன உடம்புக்குள் 10 தோட்டாவை இரட்டை வரிசையாக அடுக்கிக் காட்டியதுதான் பி365-இன் சாதனை. அதற்கு மூன்று வருடம் முன்னால் வந்த கிளாக் 43 ஏறத்தாழ இதே அளவில் ஆறு தோட்டாதான் கொண்டது. பி365 வந்த பிறகு மற்ற கம்பெனிகள் எல்லாம் இந்த அளவுக்கு ஓடிவர வேண்டியதாயிற்று.

சுடும் சுகத்தில் கிளாக் 19-க்குப் பக்கத்தில் பி365 நிற்காது. கைப்பிடியில் சுண்டுவிரலுக்கு அரைகுறை இடம், உதைப்பும் வெடுக்கென்று இருக்கும். ஒரு டப்பா தோட்டா சுட்டு முடிப்பதற்குள் உள்ளங்கை சொல்லிவிடும். ஆனால் நாம் பேச வந்தது நாள் முழுக்கச் சுமப்பதைப் பற்றி.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் குழலின் நீளத்தைப் பார்த்துத்தான் கவலைப்படுகிறார்கள். மறைக்கக் கஷ்டமானது குழல் இல்லை, கைப்பிடி. குழல் பேன்டுக்குள் இடுப்போடு ஒட்டிக் கீழே போய்விடும். கைப்பிடிதான் பெல்ட்டுக்கு மேலே குறுக்காக நீட்டிக்கொண்டு சட்டையைக் கூடாரமாகத் தூக்கும். உண்மையில் குழல் கொஞ்சம் நீளமாக இருப்பது நல்லதுதான். பெல்ட்டுக்குக் கீழே பிடிமானம் கூடினால் மேல்பாகம் வெளியே சாயாது. குட்டைத் துப்பாக்கியோ தலைகனத்து வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். பி365-ஐ மட்டமான உறையில் வைத்தால் நல்ல உறையில் இருக்கும் கிளாக் 19-ஐவிட அதிகமாகத் துருத்துகிறது என்பதை நிலைக்கண்ணாடி முன் நின்று பார்த்தாலே தெரியும்.

உறைகளில் மூன்று வகை எடுத்துக்கொண்டேன், எல்லாம் பேன்டுக்கு உள்ளே போகிறவை.

தோல் உறை முதல் நாள் விறைப்பாக இருந்தாலும் போகப்போக இடுப்பின் வளைவுக்குப் படிந்துவிடும். தொடுவதற்கு இதமானது இதுதான். ஆனால் ஹூஸ்டன் ஜூலை மாதம் ஒரு பரீட்சை. வியர்வையைக் குடித்துக் குடித்துத் தோல் தளர்கிறது. வாய்ப்பகுதிக்குள் தகடு வைத்துத் தைக்காத உறையாக இருந்தால், துப்பாக்கியை உருவியதும் வாய் சுருங்கிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது அந்தத் தளர்ந்த தோல் மடிந்து, ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையமான ட்ரிகர் கார்டுக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது, முதுகுப்பக்கம் அகலமான தோல் பட்டை, முன்பக்கம் பிளாஸ்டிக் ஓடு வைத்த கலப்பு உறை. பாரம் பரவுவதால் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குச் சுகம். பட்டை பழசாகித் துவண்டதும் முன்சொன்ன அதே ஆபத்து. அதற்கு மேல் இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது கைடெக்ஸ். சூடாக்கி அச்சில் அழுத்திச் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக். துப்பாக்கி உள்ளே போனதும் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். ட்ரிகர் கார்டின் பள்ளத்தில் உறை பிடித்துக்கொண்ட சத்தம். வியர்வை ஒட்டாது, வாய் சுருங்காது, ட்ரிகர் முழுசாக மூடியிருக்கும். விளிம்புதான் எமன். பட்டறையில் சரியாக மழிக்காமல் விட்ட ஒரு முனை நாள் முழுக்க விலாவுக்குக் கீழே உரசிக்கொண்டே இருக்கும். மெல்லிய உப்புத்தாளால் அந்த முனையைத் தேய்த்துவிட்டு, பருத்தி பனியனைப் பேன்டுக்குள் விட்டு அதன்மேல் உறையை வைத்தால் முக்கால்வாசிப் புகார் தீர்ந்துபோகும்.

நல்ல கைடெக்ஸ் உறையில் இப்போது இரண்டு சின்ன சாமான்கள் வருகின்றன. மறைப்புக்கும் சுகத்துக்குமான சண்டையைத் தீர்த்து வைப்பது பெரும்பாலும் இவைதான். ஒன்று ‘கிளா’. உறையின் ஓரத்தில் திருகி வைத்த, கட்டைவிரல் அகல பிளாஸ்டிக் துண்டு. பெல்ட்டை இறுக்கினால் பெல்ட் அந்தத் துண்டை அழுத்தும். அந்த அழுத்தத்தில் உறை லேசாகத் திரும்பிக் கைப்பிடி வயிற்றுப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். மற்றது ‘வெட்ஜ்’. உறையின் அடிப்பகுதியில், உடம்பைத் தொடுகிற பக்கம் ஒட்டுகிற ஸ்பாஞ்சு மேடு. அது அடிப்பாகத்தை வெளியே தள்ள, மேல்பாகம் உள்ளே சாய்கிறது. கொஞ்சம் தொப்பை உள்ள நம் ஆட்களுக்கு வெட்ஜ் இல்லாமல் முன்பக்கம் வைப்பது நடக்காத காரியம். வெட்ஜ் இருந்தால் உறையின் கீழ்முனை தொடை இடுக்கில் குத்துவதும் நிற்கும். விலை சில டாலர்கள். கடைகளில் இதை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை, இன்னொரு துப்பாக்கியைத்தான் காட்டுகிறார்கள்.

எந்த இடத்தில் வைப்பது? தொப்புளைப் பன்னிரண்டு மணியாக வைத்துக் கடிகாரக் கணக்கில் சொல்வது வழக்கம். வலக்கைக்காரருக்கு இரண்டு இடங்கள்தான் பேசத்தக்கவை: முன்பக்கம் ஒரு மணி, இடுப்பெலும்புக்குப் பின்னால் நாலு மணி. நாலு மணியில் வைத்தால் கார் ஓட்டும்போது சீட்டுக்கும் இடுப்புக்கும் நடுவில் இருந்து அமுக்கும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது, குனிந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஹூஸ்டன் ஹில்கிராஃப்ட் பக்கம் நம் மளிகைக் கடையில் கீழ்த்தட்டிலிருந்து 20 பவுண்டு அரிசிப் பையைத் தூக்கப் போனால், சட்டை முதுகில் இழுபட்டுக் கைப்பிடி அப்படியே அச்சாகத் தெரியும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கினால் தெரியாது. முதுகுவலி டாக்டர் சொல்வதும் அதைத்தானே. ஒரு மணி நிலையில் இந்தத் தொல்லை இல்லை. சட்டை முன்பக்கம் தளர்ந்து தொங்குவதால் மறைப்பு பிரமாதம், கைக்கும் உடனே எட்டும். ஆனால் டாலஸ் வரைக்கும் நாலு மணி நேரம் ஓட்டினால், பெல்ட், சீட் பெல்ட், வயிறு, உறை நான்கும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். குழல் பார்ப்பது தொடையை, அதன் பெரிய ரத்தக்குழாயை. அதனால் முன்பக்கம் வைக்கிறவருக்கு உறையில் சமரசமே கிடையாது.

உறையே வேண்டாம் என்று செருகிக்கொள்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் செய்தித்தாள் உதாரணமே இருக்கிறது. 2008 நவம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்சிகோ பரெஸ், மன்ஹாட்டன் இரவு விடுதி ஒன்றுக்கு உறையில்லாத துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு போனார். அது நழுவி வெடித்து அவர் தொடையிலேயே பாய்ந்தது. நியூயார்க் உரிமம் இல்லாததால் இரண்டு ஆண்டு சிறைத் தண்டனையும் சேர்ந்து வந்தது.

பைக்குள் வைப்பதைச் சுகமான வழி என்று பலர் சொல்கிறார்கள், குறிப்பாகப் பெண்களுக்கு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2014 டிசம்பரில் ஐடஹோவின் ஹேடன் ஊரில் ஒரு வால்மார்ட்டில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுப் பிள்ளை அம்மாவின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுக்க, அது வெடித்து அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கிக்கென்றே தனி ஜிப் வைத்துச் செய்த பை அது. பையில் வைப்பது மறதியையும் கொண்டுவருகிறது. 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. பெரும்பாலானவற்றில் தோட்டா இருந்தது. “பையில இருந்ததையே மறந்துட்டேன்” என்பதுதான் அங்கே வாடிக்கையான பதில். இடுப்பில் அரைக் கிலோ உறுத்திக்கொண்டிருந்தால் மறக்காது. கொஞ்சம் உறுத்தல் இருப்பது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

பெல்ட்டுக்கு வருவோம். டிபார்ட்மென்ட் ஸ்டோரில் வாங்கிய சாதா தோல் பெல்ட் இந்தக் கனத்தில் முறுக்கிக்கொள்ளும். உறை தொங்கும், பேன்ட் இறங்கும், அதை இழுத்துவிட அடிக்கடி கை போகும். மறைத்து வைத்திருப்பவரைக் காட்டிக்கொடுப்பது புடைப்பைவிட இந்தக் கைதான். பார்க்கிற ஆள் புடைப்பை போன் என்று நினைப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் இடுப்பைத் தடவுகிறவரைப் பார்த்தால் சந்தேகப்படுவார். துப்பாக்கிக்கென்றே விறைப்பாகச் செய்த நைலான் பெல்ட்டுகள் கால் அங்குல இடைவெளியில் இறுக்கித் தளர்த்தும்படி பல்வரிசையோடு வருகின்றன. சாப்பாட்டுக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. பிரியாணி சாப்பிடுகிற ஊர்க்காரனுக்கு இது ஆடம்பரம் அல்ல. சட்டை ஒரு சுற்று பெரிதாக, கட்டமோ பூவோ போட்டதாக இருக்கட்டும். ஒரே நிறத்து டி-ஷர்ட் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

சுகத்தையும் மறைப்பையும் கவனித்துவிட்டு, எடுக்க முடியுமா என்று பார்க்காமல் விட்டால் எல்லாம் வீண். 1983-இல் போலீஸ் பயிற்சியாளர் டென்னிஸ் ட்யூலர் எழுதியது இன்றும் பேசப்படுகிறது: 21 அடி தூரத்தில் கத்தியோடு நிற்பவன் ஒன்றரை வினாடியில் நம்மை எட்டிவிடுவான். உறைக்கு மேல் பனியன், சட்டை, ஸ்வெட்டர் என்று அடுக்கினால் அந்த ஒன்றரை வினாடி துணியை விலக்கவே போய்விடும். காலி துப்பாக்கியை வைத்து, தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வீட்டில் பழக வேண்டும். எடுப்பதைவிடத் திரும்ப வைப்பதை மெதுவாகப் பழகுங்கள். விரல் வெளியே, இடக்கையால் சட்டை நுனியைத் தூக்கிப் பிடித்து, உறையின் வாயைக் கண்ணால் பார்த்தபடி. அவசரமே இல்லாத வேலை அது. ஸ்வெட்டரின் இழுகயிறு ட்ரிகருக்குள் மாட்டுவது நடக்கக்கூடியதுதான். கழிவறையில் உறையோடு சேர்த்துக் கழற்றுவது உத்தமம். கதவுக் கொக்கியில் மாட்டவே கூடாது.

என் தேர்வு: ஆபீஸ் வேலை, காரில் அதிக நேரம் என்றால் பி365, கைடெக்ஸ் உறை, நாலு மணிக்குச் சற்று முன்னே மூன்றரை மணி நிலை, விறைப்பான பெல்ட். நடந்து திரிகிற வேலை, ஒல்லி உடம்பு என்றால் கிளாக் 19-ஐ கிளா, வெட்ஜ் இரண்டும் வைத்து முன்பக்கம் அணியலாம். இவ்வளவு பெரிய துப்பாக்கி இவ்வளவு நன்றாக மறைவது ஆச்சரியம்தான். துப்பாக்கிக்கு ஐந்நூறு, அறுநூறு டாலர் கொடுத்துவிட்டு உறைக்கு இருபது டாலரில் பேரம் பேச வேண்டாம். நல்ல உறையும் பெல்ட்டும் சேர்ந்து நூற்றைம்பதைத் தாண்டத்தான் செய்யும். உறையின் பெல்ட் கிளிப்பையும் கிளாவையும் பிடித்திருக்கும் திருகுகள் நடக்க நடக்கத் தளரும். வாங்கிய அன்றே திருகுப் பசையான நீலநிற லாக்டைட் ஒரு சொட்டு விட்டு, ஓர் இரவு காயவிட்டு அணியுங்கள்.