ராங் ஆன்ஸர் யாருடையது?

சில வருஷமா கல்லூரி புரோகிராமிங் போட்டிகளுக்கு ஜட்ஜாகப் போய் வருகிறேன். திட்டப் போவது மாணவர்களை இல்லை, எங்களைத்தான்.

ஐசிபிசி பாணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமா: மூன்று பேர் ஒரு டீம், ஒரே கம்ப்யூட்டர், 5 மணி நேரம். அதிக கணக்கு போட்டவர் முன்னால். சமமா வந்தால் நேரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள். முடித்த கணக்கில் ஒவ்வொரு தப்பு சப்மிஷனுக்கும் 20 நிமிஷம் தண்டனை. எந்த டெஸ்டில் தப்பு, ஏன் தப்பு என்று சொல்வதில்லை. 'ராங் ஆன்ஸர்', அவ்வளவுதான். இந்த ஏற்பாடு மொத்தமும் ஜட்ஜ் தப்பு பண்ண மாட்டார் என்ற நம்பிக்கையில் நிற்கிறது.

ஒரு போட்டியில் (கல்லூரி பெயர் வேண்டாம்) நாங்கள் கொடுத்த கணக்கு இது. n எண்கள், எல்லாம் வேறு வேறு. இரண்டிரண்டாக இடம் மாற்றி வரிசைப்படுத்தக் குறைந்தது எத்தனை மாற்றம் வேண்டும்? பழைய கணக்குதான். ஒவ்வொரு எண்ணும் எங்கே போகணும் என்று பார்த்தால் சுழற்சிகள் கிடைக்கும். N-இலிருந்து சுழற்சிகளின் எண்ணிக்கையைக் கழித்தால் விடை.

டெஸ்ட் டேட்டா நான் பண்ணினது. 1 முதல் 100 கோடி வரை ரேண்டமா எண்கள். அவ்வளவு பெரிய வீச்சில் ஒரே எண் இரண்டு தடவை எங்கே வரப்போகுதுன்னு விட்டுட்டேன். கணக்கு போட்டுப் பார்த்திருக்கணும். n 1 லட்சம் என்றால் ஜோடிகள் சுமார் 500 கோடி. ஒவ்வொரு ஜோடியும் ஒத்துப்போக வாய்ப்பு 100 கோடியில் 1. ஆக சராசரியா 5 ஜோடி இரட்டிப்பு! ஒன்றுகூட வராமல் இருக்கும் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. n 1000 என்றால் ஜோடிகள் 5 லட்சம்தான், அங்கே பிரச்சினையே வராது. சின்ன டெஸ்டெல்லாம் சரி, பெரிய டெஸ்டெல்லாம் கெட்டது.

இதில் ஒரு விஷமம் இருக்கு. எண்ணையும் அதன் இடத்தையும் சேர்த்து சார்ட் பண்ணின டீம்களுக்கு என் விடையே வந்தது, ஏனென்றால் நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவர்களுக்கு பலூன் போனது. எண்ணிலிருந்து இடத்துக்கு மேப் போட்டவர்களுக்கு, வினாவின்படி முழுக்கச் சரியான தீர்வு அது, ராங் ஆன்ஸர். 'பத்து டீம் பாஸ் ஆயிடுச்சே, டேட்டா சரியாத்தான் இருக்கும்' என்று ஜட்ஜ் அறையில் எல்லாருமே நினைத்தோம்.

ஒரு டீம் 48-ஆவது நிமிஷம் சப்மிட் பண்ணியது. தப்பு. எண்கள் வேறு வேறு என்பது நிச்சயமா என்று கேட்டு அனுப்பினார்கள். 'வினாவை மீண்டும் படிக்கவும்' என்று பதில் போட்டேன். எங்கள் பரம்பரைப் பதில். படித்தார்கள், நம்பினார்கள். 170-ஆவது நிமிஷம் வரை இல்லாத பிழையைத் தங்கள் கோடில் தேடினார்கள்.

நாலாவது மணியில் இன்னொரு ஜட்ஜ் சும்மா மேப் வைத்து எழுதிப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. டேட்டாவைத் திருத்தி ரீஜட்ஜ் பண்ணினோம். அவர்கள் சப்மிஷன் 48-ஆவது நிமிஷத்துக்கே சரி ஆனது, 20 நிமிஷத் தண்டனைகளும் அழிந்தன. ஸ்கோர்போர்டில் எல்லாம் சுத்தம். ஆனால் போன 2 மணி நேரம்? அந்த ஒரே கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் வேறு கணக்கு போட்டிருக்கலாமே! அடுத்த சுற்றுக்கு ஒரு கணக்கில் தவறினார்கள். அவர்களுக்கு மட்டும் நேரம் நீட்டினால் மற்றவர்களுக்கு அநியாயம். கணக்கையே தூக்கினால் போட்டவர்களுக்கு அநியாயம். நடந்த பிறகு மருந்து கிடையாது.

முன்னாடியே மருந்து இருக்கு, அதுதான் எரிச்சல். மைக் மிர்ஸயானோவின் டெஸ்ட்லிப்பில் வேலிடேட்டர் எழுதும் வசதி இருக்கிறது: டேட்டா வினாவின் நிபந்தனைக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் குட்டி நிரல். காட்டிஸ் அமைப்பின் கணக்குப் பொதியில் அதற்குத் தனி ஃபோல்டரே உண்டு. சரியான தீர்வுகளுக்கும் வேண்டுமென்றே தப்பா எழுதின தீர்வுகளுக்கும் வேறு வேறு ஃபோல்டர். நம்ம ஊர் போட்டிகளில் பேனர், டி-ஷர்ட், சிறப்பு விருந்தினர் எல்லாம் இரண்டு மாசம் முன்னாடி முடிவாகிடும், டேட்டா முந்தின நாள் ராத்திரி.

அடுத்த வருஷத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வேலிடேட்டர் வேணும், ஒருவர் கோடை ஒருவர் பார்க்காமல் எழுதின இரண்டு தீர்வு வேணும், பத்து நாள் முன்னாடி வேணும் என்று மெயில் போட்டேன். 'சார், டி-ஷர்ட் சைஸ் சொல்லுங்க' என்று பதில் வந்திருக்கு.