விபத்து என்னும் முகமூடி

"விதி" என்றனர் பழைய வைதிகர். "விபத்து" என்று எழுதுகின்றனர் இன்றைய எழுத்தர். சொல் மாறியிருக்கிறது. சொல்லின் பின்னே ஒளிந்திருப்பவன் மாறினானா?

நாம் இங்கே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்ளும் நூல் காவியமன்று, புராணமுமன்று. உலகச் சுகாதார நிறுவனம் 1990-இல் ஏற்றுக்கொண்ட நோய்களின் பன்னாட்டு வகைப்பாடு, பத்தாம் திருத்தம். அதன் இருபதாம் அத்தியாயம் காயத்தையும் சாவையும் விளைவித்த புறக்காரணங்களுக்கு எண் தருகிறது. இந்நூலின் மூதாதை, 1893-இல் பிரெஞ்சுப் புள்ளியியலார் ஜாக் பெர்ட்டியோன் வகுத்த பட்டியல். உடலில் விளைந்த காயம் எது என்பதற்கு ஓர் எண், அதை விளைவித்த காரணம் எது என்பதற்கு மற்றோர் எண் என்ற இரட்டை முறை 1948-இன் ஆறாம் திருத்தத்தில் வந்தது.

பகுத்தறிவாளர் பாராட்டத்தக்க முறை இது. வெந்த உடலைக் கண்டு கண்ணீர் வடிப்பதோடு நில்லாது, "எப்படி வெந்தது? எவர் கருத்தால் வெந்தது?" என்று கேட்கச் சொல்கிறது. தீ ஒன்றுதான், எண்களோ வேறு வேறு. தற்செயலாகப் பற்றிய தீக்கு எக்ஸ் 00 முதல் எக்ஸ் 09 வரை. தன்னைத்தானே எரித்துக்கொண்டால் எக்ஸ் 76. பிறர் கொளுத்தினால் எக்ஸ் 97. நோக்கம் துணியப்படாவிடில் ஒய் 26. ஆண்டவன் கட்டளைக்கும் முற்பிறவி வினைக்கும் அந்நூலில் எண்ணே இல்லை!

அத்தகைய நூலில் குறை காணலாமா? காணத்தான் வேண்டும், தோழர்களே!

மருத்துவர் "தீக்காயம்" என்று மட்டும் எழுதி, நோக்கத்தைப் பற்றி வாய் திறவாது விட்டால் என்னாகும்? பெரும்பாலும் அந்தச் சாவு விபத்தின் வரிசையில் போய் அமரும். "துணியப்படாதது" என்ற பிரிவோ, கிடைத்த செய்தி போதாமையால் மருத்துவரோ சட்ட அதிகாரியோ பிரித்தறிய இயலாதபோது பயன்படுத்த வேண்டியது. ஆக, கேட்டும் விடை கிடைக்காதது வேறு, கேட்கவே இல்லாதது வேறு. கேளாமை விபத்தாகிவிடுகிறது. மௌனம் குற்றவாளிக்கு விடுதலைச் சீட்டு எழுதித் தருகிறது.

இந்திய அடுக்களையை எண்ணிப் பாருங்கள். பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் ஆகியோர் 2009-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, 2001-ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் தீயினால் மாண்டோர் 1,63,000-க்கு மேல் என மதிப்பிட்டது. அவருள் 65 விழுக்காட்டினர் பெண்கள். காவல்துறைக் கணக்கைப்போல் இது ஆறு மடங்கு! இவர்கள் அனைவரும் கொலையுண்டனர் என்று அவ்வாய்வு கூறவில்லை, நாமும் கூறவில்லை. அடுப்பு வெடித்து மாண்டவர் எத்தனை பேர், மனம் வெடித்து மாண்டவர் எத்தனை பேர், மாமியார் வீட்டார் கொளுத்தி மாண்டவர் எத்தனை பேர் என்று பிரித்துச் சொல்ல நம்பத்தக்க கணக்கு இல்லையே என்றுதான் கேட்கிறோம்.

கணக்கு ஏன் இல்லை? கட்டிலின் தலைமாட்டில் கணவனும் மாமியாரும் நிற்க, வெந்த பெண் எதைச் சொல்வாள்? "ஸ்டவ் வெடித்தது" என்பாள். பெற்ற பிள்ளைகளை அவ்வீட்டில்தானே விட்டுச் செல்கிறாள்! தற்கொலைக்கு முயன்றோரைத் தண்டித்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவும் நெடுங்காலம் உண்மையின் வாயை அடைத்தது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. மணமான ஏழாண்டுக்குள் நேரும் வரதட்சிணைச் சாவைத் தண்டிக்க 1986-இல் 304-பி என்ற பிரிவு வந்தது. 2024 சூலையில் அத்தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதுச் சட்டமே வந்துவிட்டது. சட்டங்கள் மாறின. தலைமாட்டில் நிற்பவர்கள் மாறினார்களா?

மற்றொரு குறையும் உண்டு. பத்தாம் திருத்தம் கொலைக் கருவியைக் கூறுகிறது. கொன்ற கையைக் கூறுவதில்லை. கூர்ங்கருவித் தாக்குதலுக்கு எக்ஸ் 99. சாதி கடந்து காதலித்த மகளைத் தந்தை வெட்டினாலும் அதே எண். தெருவில் திருடன் குத்தினாலும் அதே எண். கொடுமை இழைத்தவர் கணவரா, பெற்றோரா என்று காட்ட ஒய் 07 என்ற பிரிவு உண்டு. ஆயினும் வெட்டுண்டு மாண்டவளின் கணக்கில் கத்திதான் நிற்கிறது. 2022 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் திருத்தம், தாக்கியவருக்கும் தாக்குண்டவருக்கும் உள்ள உறவைக் குறிக்கத் துணை எண்கள் வகுத்துள்ளது. வரவேற்கிறோம். ஆனால் இடம் இருந்தால் போதுமா? நிரப்பும் துணிவு வேண்டாமா?

நம் மருத்துவமனைகளில் நிரப்பப்படும் இறப்புக் காரணச் சான்றிதழில், இறப்பு நேர்ந்த விதம் என்றொரு கேள்வி உண்டு. இயற்கையா, விபத்தா, தற்கொலையா, கொலையா, விசாரணையில் உள்ளதா? காயம் எப்படி நேர்ந்தது என்பதையும் அது கேட்கிறது. மருத்துவம் பயிலும் இளைஞனே, அந்த வரியை வெற்றாக விடாதே! உறவினரை வெளியே அனுப்பிவிட்டு அவளைத் தனியே கேள். தெரிந்ததை எழுது. தெரியவில்லையெனில் தெரியவில்லை என்றே எழுது, அது நாணயம். கேளாமலே "விபத்து" என்று எழுதுவது பொய்.

எண்ணப்படாத சாவுக்காக எந்த அரசும் திட்டம் தீட்டாது, எந்த மன்றமும் கேள்வி எழுப்பாது. "ஏன்? எப்படி?" என்று கேட்கக் கற்ற இயக்கம், கோயில் வாசலில் கேட்ட அந்தக் கேள்வியை மருத்துவமனைப் பதிவேட்டின் முன்னும் கேட்கட்டும்!