பளிங்குச் சிறையில் ஒரு நாயகி: ‘டைனசோர் பிளனற்’ வரைவு குறித்த ஒரு விமர்சன நோக்கு

வெளிவந்த வடிவத்தைக் கொண்டே ஒரு படைப்பினை மதிப்பிடுதல் விமர்சனத்தின் வழமை. எனினும், அது வெளிவருமுன் எத்தகைய மாற்றங்களுக்கு உட்பட்டது என்பதை அறியும் வாய்ப்புக் கிட்டும்போது அதனைப் புறக்கணித்தல் முறையாகாது. கையெழுத்துப் பிரதிகளையும் பாடபேதங்களையும் ஒப்புநோக்கிப் பழகிய இலக்கிய மாணவர்க்கு இது புதிய செய்தியன்று. ஆனால், கதை கூறும் கலைகளுள் இளையதான வீடியோ விளையாட்டில் இத்தகைய ஆய்வுக்கு அரிதாகவே இடமுண்டு. கைவிடப்பட்ட வரைவுகள் பெரும்பாலும் நிறுவனங்களின் பெட்டகங்களுக்குள்ளேயே மறைந்துவிடுகின்றன. அவ்வாறு மறையாது தப்பிய ஒன்று ‘டைனசோர் பிளனற்’. அதன் நாயகி தான் பிறந்த படைப்பினுள்ளேயே எவ்வாறு கைதியானாள் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தின் றெயர் நிறுவனம் யப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தின் ‘நின்டெண்டோ 64’ கருவிக்கென இவ்விளையாட்டை உருவாக்கத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மே மாதம் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்ற கண்காட்சியில் இது பகிரங்கமாகக் காண்பிக்கப்பட்டது. சேபர், கிறிஸ்டல் என இருவர் இதன் பிரதான பாத்திரங்கள். விலங்கு முகமும் மனித உடலும் கொண்ட இவ்விருவருள் சேபர் வாளேந்தியவன்; கிறிஸ்டல் மந்திரக்கோல் ஏந்தியவள். அவனுக்கு றிக்கி என்ற டைனசோர் குட்டியும் அவளுக்குக் கைற் என்ற பறக்கும் உயிரினமும் துணை.

நின்டெண்டோவின் புகழ்பெற்ற ஆக்குநர் ஷிகெரு மியமோற்றோ, தமது நிறுவனத்தின் விண்வெளி வீரனான பொக்ஸ் மக்கிளவுட்டுக்கும் சேபருக்கும் இடையிலிருந்த சாயல் ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். 1993இல் தொடங்கிய ‘ஸ்டார் பொக்ஸ்’ வரிசையின் நாயகன் அவன். இதன்பின் சேபர் அகற்றப்பட்டான். பொக்ஸ் அவனிடத்தைப் பெற்றான். விளையாட்டும் புதிய ‘கேம்கியூப்’ கருவிக்கு மாற்றப்பட்டது. 2002ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘ஸ்டார் பொக்ஸ் அட்வெஞ்சர்ஸ்’ என்ற பெயருடன் அது வெளிவந்தது. அதே மாதம் 24ஆம் திகதி மைக்ரோசொப்ட் நிறுவனம் 375 மில்லியன் டொலருக்கு றெயரை வாங்கிய செய்தி அறிவிக்கப்பட்டது. மூல வடிவம் ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை.

பெயரும் கருவியும் மாறியமையை மட்டுங்கொண்டு இதனைத் தீங்கெனக் கூறுதல் இயலாது. வெளிவந்த விளையாட்டின் நிலக்காட்சிகளும் ஒளியமைப்பும் அக்காலத்தில் பாராட்டப்பட்டவை. அப்பாராட்டுக்கு அவை தகுதியுடையனவே. நாம் உற்றுநோக்க வேண்டியது கதையின் உள்ளமைப்பில் நேர்ந்த மாற்றத்தையாகும்.

வெளிவந்த விளையாட்டின் தொடக்கத்திலும் கிறிஸ்டலே வருகிறாள். சிறிது நேரம் ஆடுபவர் அவளாகவே இயங்குகிறார். பின்னர் அவள் ஒரு பளிங்கினுள் சிறைப்படுகிறாள். கதையின் இறுதிக்கட்டம் வரை அதனுள்ளேயே இருக்கிறாள். அவளை மீட்பது பொக்ஸின் கடமையாகிறது. அவளை முதன்முதலாகக் காணும் பொக்ஸ் அவளது அழகில் மயங்கி நிற்க, பின்னணியில் சாக்ஸபோன் இசை ஒலிக்கிறது. செயல் புரிய வந்தவள் காட்சிப் பொருளாகும் கணம் அது. இதனினும் கூர்மையானது பிறிதொரு விவரம். அவள் இழந்த கோலைப் பொக்ஸ் கண்டெடுக்கிறான். அவன் அக்கிரகத்தில் நிகழ்த்தும் சாகசங்களுட் பெரும்பாலானவை அக்கோலினாலேயே நிகழ்கின்றன. நாயகியின் ஆற்றல் எஞ்சியிருக்கிறது. அவள் மட்டும் அதிலிருந்து பிரிக்கப்பட்டிருக்கிறாள்.

வரைவிலே ‘மாற்றுக்கல்’ என்று கூறத்தக்க பேசும் கல் ஒன்று உண்டு. அதன் வாயிலாக ஆடுபவர் ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு மாறலாம். ஒரே உலகினை இருவரது நிலையில் நின்று காணும் வாய்ப்பினை அது தந்தது. நாவலில் நோக்குநிலை என நாம் வழங்குவதற்கு நிகரான ஓர் உத்தி இது. ஆடுபவர் தாமே இயக்கக்கூடிய உத்தி என்பதனால் இக்கலைக்கே உரியதும் ஆகும். வெளிவந்த வடிவத்திலும் அக்கல் பேசுகிறது. ஆயின், அது செய்யும் பணி பொக்ஸை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவதே. நோக்கினை மாற்றிய கல் இடத்தை மாற்றும் கல்லாகச் சுருங்கிவிட்டது.

கதைமுடிவிலும் இத்தகைய ஒட்டுவேலை புலப்படுகிறது. கதை முழுவதும் எதிரியாக வளர்த்தெடுக்கப்படும் ஜெனரல் ஸ்கேல்ஸ் என்பவனுடனான இறுதி மோதல், தொடங்கும் நிலையிலேயே நின்றுவிடுகிறது. பழைய ‘ஸ்டார் பொக்ஸ்’ வரிசையின் பகைவனான அன்ட்றொஸ் சடுதியாகத் தோன்றி, போரை விண்வெளிக்கு இழுத்துச் செல்கிறான். வெளியிலிருந்து வந்த நாயகனுக்காக வெளியிலிருந்தே ஒரு பகைவனும் வரவழைக்கப்பட்டமையால், அதுவரை வளர்ந்து வந்த பகைமை தனக்குரிய முடிவினைப் பெறாது போகிறது.

இம்மாற்றங்களுக்குரிய காரணத்தைத் தனிமனிதர் மீது சுமத்துவது எளிது, ஆனால் போதாது. இத்துறையில் கலைப்படைப்பு, பிறக்கும்போதே சந்தைச் சரக்காகவும் பிறக்கிறது. கருவிகளின் தலைமுறை மாறுந்தோறும் பழைய கருவிக்கான உழைப்பு மதிப்பிழக்கிறது. அறியப்படாத சேபரிலும் பார்க்க அறியப்பட்ட பொக்ஸ் விற்பனைக்கு உகந்தவன் என்பது வணிகத்தின் தருக்கம். ஆயினும் பொருளாதாரக் காரணி அனைத்தையும் விளக்கிவிடும் என்று அமைதி கொள்ளுதல் கூடாது.

இதற்கான சான்று 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளிப்பட்டது. வீடியோ விளையாட்டுகளைப் பேணுவதில் ஈடுபட்டுள்ள ‘பொறெஸ்ற் ஒவ் இலூஷன்’ என்னும் குழுவினர், தனியார் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து பெற்ற வரைவுப்படியைப் பகிரங்கப்படுத்தினர். அது 2000ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தைச் சேர்ந்தது. அப்படியில் சேபரின் உருவம் ஏற்கெனவே பொக்ஸின் உருவமாக மாற்றப்பட்டுள்ளது. ஆனால் உரையாடல்கள் அவனை இன்னமும் சேபர் என்றே அழைக்கின்றன. நமது கைக்குக் கிட்டிய ‘மூலம்’ தானும் தூய மூலமன்று. திருத்தம் நடந்துகொண்டிருந்த வேளையில் உறைந்துபோன ஒரு படியே அது. அதன் பெறுமதியும் இங்கேயே உள்ளது. பொக்ஸ் நுழைந்துவிட்ட அந்தப் படியிலும் கிறிஸ்டல் நாயகியாகவே இயங்குகிறாள். தன் கோலைத் தானே ஏந்துகிறாள். மாற்றுக்கல்லும் தன் பழைய பணியைச் செய்கிறது. ஆகவே, விற்பனைக்கு உகந்த நாயகனைப் புகுத்தியமையால் நாயகி சிறைப்பட்டே ஆகவேண்டும் என்ற நியதி இருக்கவில்லை. இருவரும் உடனிருக்கக்கூடிய ஒரு வடிவம் ஆக்குநர் கைகளில் ஏற்கெனவே இருந்தது. சந்தை ஒரு பெயரைக் கோரியது எனலாம். அவளைப் பளிங்கினுள் அடைத்தது அதன்பின் மேற்கொள்ளப்பட்ட பிறிதொரு தெரிவு. பெண்ணை மீட்கப்படவேண்டிய பொருளாக வைக்கும் பழகிய கதைப்பாங்கு, இடம் கிடைத்தவுடன் அதனை நிரப்பிக்கொண்டது என்பதே பொருத்தமான விளக்கமாகும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். முற்றுப்பெறாத படைப்பு நம் கற்பனையில் எப்போதும் நிறைவானது. அதன் குறைகளை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இப்படியில் பிழைகளும் நிறைவுறாத பகுதிகளும் உள்ளன. அது வெளிவந்திருந்தால் உயர்ந்த படைப்பாகியிருக்கும் என்று துணிதல் விமர்சனமாகாது. வரைவினை அளவுகோலாக்காது சான்றாகக் கொள்வதே தகும். வெளிவந்த படைப்பின் வடுக்கள் எங்கிருந்து வந்தன என்பதை அது காட்டுகிறது. அந்த அளவில் அதன் சாட்சியம் மறுக்கமுடியாதது.

இச்சாட்சியம் நம்மை அடைந்தது தற்செயலாகவே. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு தட்டில் கிடந்த அப்படி அழிந்திருப்பின், கிறிஸ்டலின் சிறைவாசம் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டதென்றோ, நாயக மாற்றத்தின் தவிர்க்கவியலா விளைவென்றோ நாம் நம்பியிருப்போம். வரைவுகளைப் பேணாத ஒரு கலை, தன் தெரிவுகளையெல்லாம் நியதிகளாகக் காட்டிக்கொள்ளும். வேறு வழியும் இருந்தது என்று காட்டுவதற்கு வேண்டிய சான்றுகளைப் பாதுகாக்குமாறு கோருதல், இக்கலையை ஆராய முற்படும் விமர்சகனின் முதற்கடமையாகும்.