கடலாதெனியவும் 'செல்வாக்கு' என்னும் சொல்லும்

பேராதனைக்கு அண்மையில், மலைநாட்டுப் பாறையொன்றின் மீது நிற்கும் கடலாதெனிய விகாரையைக் காணச் செல்வோர் பெரும்பாலும் 'திராவிடச் செல்வாக்கு' என்ற தொடருடனேயே திரும்புகின்றனர். தமிழர் சிலர் அதனைப் பெருமிதத்தோடும் சிங்களவர் சிலர் சங்கடத்தோடும் உச்சரிப்பர், வேறுபாடு அவ்வளவே. கட்டடத்தை விளக்க வந்த சொல், அதனை உற்றுநோக்கும் தேவையையே இல்லாமற் செய்துவிட்டது.

கம்பளை மன்னன் நான்காம் புவனேகபாகுவின் காலத்தில், 1344ஆம் ஆண்டில், தர்மகீர்த்தி தேரரின் முயற்சியால் இவ்விகாரை எழுந்தது. தலைமைச் சிற்பி கணேஸ்வராசாரி. அதிட்டான வரிகளும், தூண்களின் போதிகைகளும், வாயிலருகே ஆடுவோரும் மத்தளம் கொட்டுவோருமாகச் செதுக்கப்பட்ட உருவங்களும், கருவறையின் மேலெழும் சிகரமும் தென்னிந்தியக் கற்றளி மரபைச் சார்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயின், தேரர் இம்மரபைக் கண்மூடி ஏற்றவரல்லர். ஆந்திர நாட்டுத் தான்யகடகத்திற் பௌத்த ஆலயப் பணி செய்வித்தவர் அவரென இங்குள்ள கல்வெட்டே கூறுகின்றது. கடல்கடந்து திருப்பணி செய்வித்த ஒருவரைச் 'செல்வாக்குக்கு உட்பட்டவர்' என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர் தெரிந்தெடுத்தவர்.

அதே மன்னன் காலத்தில், அதே ஆண்டில், அயலிலே எழுந்த லங்காதிலக விகாரை இதனை மேலும் தெளிவாக்குகின்றது. அதனை அமைத்த ஸ்தபதி ராயரும் தென்னிந்தியரென்றே கருதப்படுகின்றார். எனினும் அங்கே செங்கல்லே முதன்மை பெறுகின்றது. தடித்த சுவர்களும் ஓங்கிய தோற்றமும் பொலநறுவையின் பெருஞ் சிலைமனைகளையே நினைவூட்டுகின்றன. செல்வாக்கு என்பது மழைபோல் எங்கும் ஒருபடித்தாகப் பொழிவதாயின், ஈரிடத்தும் ஒரே வடிவமன்றோ முளைத்திருக்க வேண்டும்?

கலைப்படைப்பு என்ற வகையிற் கடலாதெனிய குறையற்றதன்று. ஒரு தெய்வத்துக்கும் ஒரு பூசகருக்குமென வளர்ந்த கருவறை அமைப்பு, அமர்ந்த புத்தரைச் சூழ்ந்து வணங்கும் அடியாரை நெருக்கவே செய்கின்றது. சிற்பியின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது பக்கத்தில் இணைந்த விஷ்ணு ஆலயத்திலேயே. அது சிறியது, தனக்கெனச் சிகரம் உடையது, ஆயினும் புத்தரின் மனையோடு ஒட்டியே நிற்கின்றது. காவற்றெய்வத்தின் தகுதியை அளவினாலும் இடத்தினாலும் மட்டுமே சிற்பி உணர்த்திவிடுகின்றார். இதனைத் 'தழுவல்' என்று கூறி அமைவது இரசனையின் வறுமையாகும்.

லங்காதிலகவின் பாறையில், விகாரைக்கு வழங்கப்பட்ட நிலக்கொடைகளைப் பதிவுசெய்யும் சாசனம் சிங்களத்தில் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழின் தடத்தைச் சிகரங்களில் அண்ணாந்து தேடும் மாணவர் பலர் அவ்வெழுத்துக்களைப் பாராமலே கடந்து சென்றுவிடுகின்றனர்.