வெள்ளிக் கம்பியில் ஒரு கடிகாரச் செயின்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தோல் வார் போட்ட கடிகாரம் நீடிப்பதில்லை. நாற்றங்கால் சேறும் வாய்க்கால் தண்ணீரும் சித்திரை மாதத்து வியர்வையும் சேர்ந்து சீக்கிரமே வாரை ஊறவைத்து நாறடித்துவிடும். எச்.எம்.டி. கட்டிய எங்கள் ஊர்ப் பெரியவர்களில் பலர் அதனால்தான் எஃகு ஸ்பிரிங் செயினுக்குப் போனார்கள். அது உழைக்கும், ஆனால் கழற்றும்போதெல்லாம் கை முடியைப் பிடுங்கும். இந்த இரண்டு குறையும் இல்லாத செயின் ஒன்று உண்டு. வெள்ளிக் கம்பியைக் கையாலேயே பின்னிச் செய்வது. கைக்கடிகாரத்துக்கு அதைவிட நல்ல துணையை நான் பார்த்ததில்லை.

அந்தப் பின்னலுக்குக் காவிரிக்கரையோடு பெயர் உறவு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் திருச்சிராப்பள்ளிப் பொற்கொல்லர்கள் மெல்லிய கம்பியில் செய்த சங்கிலிகளை ஆங்கிலேயர்கள் விரும்பி வாங்கினார்கள். திருச்சிச் சுருட்டைப் போலவே அவையும் அந்த ஊரின் பெயரைக் கடல் கடந்து கொண்டுபோயின. பிறகு தங்கள் மண்ணில் தோண்டியெடுத்த பழங்காலக் கம்பிப் பின்னல்களுக்கும் ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் ‘டிரிச்சினோபொலி’ என்றே பெயர் வைத்தார்கள். 1774இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ட்ரெவிடில் என்ற இடத்தில் ஒரு வெள்ளிப் புதையல் கிடைத்தது. அதில் இருந்த வெள்ளிச் சவுக்கு இந்தப் பின்னல்தான். இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது மண்ணுக்குள் போனது 9ஆம் நூற்றாண்டில், விஜயாலய சோழன் தஞ்சையைப் பிடித்த அதே நூற்றாண்டில். நம் தொழில் அப்போதே அங்கே போய்விட்டது என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. வேலை அங்கேயும் இருந்தது, பெயர் மட்டும் பின்னாளில் இங்கிருந்து போய் ஒட்டியது. அந்தப் பெருமையே போதும்.

வேலை கம்பியில் தொடங்குகிறது. பத்தர் வெள்ளியை உருக்கிக் கோலாக வார்த்து, அடித்து நீட்டி, கம்பியச்சில் இழுப்பார். கம்பியச்சு என்பது பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாகத் துளை போட்ட எஃகுத் தகடு. முனையைக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபக்கம் குறட்டால் பிடித்து ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் நின்றால் கம்பியில் தடம் விழும். விட்டம் பாதியானால் நீளம் நான்கு மடங்காகும். 0.4 மில்லிமீட்டர் கனத்துக்கு இறங்கும்போது ஒரு கிராம் வெள்ளி ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் கம்பியாகிவிடும். சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைத்துக்கொள்ளும். அதை நெருப்பில் காட்டி இளக்கினால்தான் அடுத்த துளைக்கு இணங்கும்.

பட்டறை இருட்டின் அருமை இங்கேதான் தெரியும். வெள்ளி 961 டிகிரியில் உருகும். இளகுவதற்கு அவ்வளவு சூடு வேண்டாம், மங்கலான சிவப்பு வந்தால் போதும். அந்தச் சிவப்பு நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குப் படாது. பட்டபோது காரியம் கெட்டிருக்கும், மெல்லிய கம்பி உருண்டு குண்டுமணியாகிவிடும். அரை இருட்டில், ஊதுகுழலை வாயில் வைத்தபடி, நிறம் மாறும் கணத்தில் மூச்சை நிறுத்துகிற பத்தரின் அடக்கத்தை நான் சங்கீதத்துக்குச் சமமாக ரசிப்பேன்.

பின்னுவதற்குக் கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பென்சில் பருமனில் ஒரு குச்சி. அதன் தலையில் ஐந்தாறு கம்பி இதழ்களை மடித்துப் பொருத்த வேண்டும். கம்பி முனை ஒவ்வொரு இதழின் கழுத்துக்கு அடியிலும் நுழைந்து, சுற்றி வந்து, புதிய கண்ணியாகும். அடுத்த சுற்று அந்தக் கண்ணிகளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்க, பின்னல் குழலாக வளரும். இரண்டு சுற்றுக்கு மேலே உள்ள கழுத்தைச் சேர்த்துப் பிடித்தால் பின்னல் நெருக்கமாகும். கம்பி தீர்ந்தால் புதிய கம்பியின் முனையைக் குழலுக்குள் மறைத்துவிட்டுத் தொடரலாம். பின்னலில் ஓர் இடத்திலும் பற்றவைப்பு கிடையாது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் நகைகளின் எடையைச் சொல்லும்போது சரடும் சட்டமும் அரக்கும் அதில் சேர்ந்தனவா என்றுகூடக் குறிக்கின்றன. இந்தக் குழலில் கழிக்க ஒன்றுமே இல்லை, எடை முழுவதும் வெள்ளி.

குச்சியிலிருந்து உருவியதும் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். கண்ணிகள் கோணலும் மாணலுமாக நிற்கும். ஒரு மரப்பலகையில் துளைகள் போட்டு, பெரியதில் தொடங்கி ஒவ்வொன்றாக உருவ வேண்டும். குழல் மெலியும், நீளும், கண்ணிகள் தாமாகவே வரிசைக்கு வந்து சேரும். கடைசித் துளையைத் தாண்டி வெளியே வரும்போது அது கம்பியின் குணத்தை விட்டுவிட்டு விரலில் வழியும். இத்தனை நேரம் உழைத்ததற்கு அந்த ஒரு நிமிடம் ஈடு.

கடிகாரத்தில் செயின் மாட்டும் காதுகளுக்கு இடையே 18 மில்லிமீட்டர் என்றால், 6 மில்லிமீட்டர்ப் பின்னல் மூன்றை அருகருகே வைக்கலாம். முனைகளுக்குக் கூடு செய்து, குறுக்குத் தண்டுக்கு இடம் விட்டு, கொக்கி வைத்தால் செயின் தயார். பற்றவைக்கும் பொடியும் வெண்காரமும் அந்த இடத்தில் மட்டும் தேவைப்படும். சூடு பின்னலுக்குள் ஏறினால் அந்தப் பகுதி தளர்ந்து நீண்டுவிடும் என்பதால் கை மிக வேகமாக இருக்க வேண்டும். தரம் பார்க்க விரும்புகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். விரலில் வளைத்துப் பாருங்கள், ஓரிடத்திலும் முறியக் கூடாது. மல் துணியால் மேலும் கீழும் தடவுங்கள், ஓர் இழைகூடச் சிக்கக் கூடாது. கூட்டின் வாயில் பொடி வழிந்திருக்கிறதா என்று கடைசியாகப் பாருங்கள். அவசரக்காரரின் வேலை அங்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வியர்வையிலும் காற்றில் உள்ள கந்தகத்திலும் வெள்ளி கறுக்கும். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லிய தூரிகையால் தேய்த்தால் வெளுத்துவிடும். வீட்டில் திருநீறு இருந்தால் அதுவும் போதும்.

இன்று கடைகளில் தொங்கும் வெள்ளிச் சங்கிலிகளில் பெரும்பாலானவை இயந்திரத்தில் வந்தவை. அவற்றின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் பாட்டி காலத்துப் பெட்டியில் குழல்போலப் பின்னிய பழைய கொடியோ சங்கிலியோ இருந்தால், எடை போட்டு உருக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஊரில் வயதான பத்தர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அது எப்படிப் பின்னப்பட்டது என்று கேளுங்கள். அவருக்குக் கை ஓடும் காலத்திலேயே கேளுங்கள்.