தற்செயலும் கத்தியும்

உள்ளுணர்வு என்ற வார்த்தை நம்மிடையே ஒரு சலுகைச் சீட்டாகப் புழங்குகிறது. கவிதை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் 'அப்படித்தான் வந்தது' என்று பதில். மேற்கொண்டு கேட்பவன் ரசனை கெட்டவன். ஓவியர்களில் இந்தத் தரப்புக்குச் சாட்சி சொல்ல அடிக்கடி இழுக்கப்படுகிறவர் ஃபிரான்ஸிஸ் பேக்கன் (1909–1992). சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வது அவசியமென்று படுகிறது.

இழுப்பதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஓவியப் பயிற்சி முறையாகப் பெறாதவர். டேவிட் சில்வெஸ்டருடன் 1962-ல் தொடங்கி, 1975-ல் புத்தகமாக வந்த உரையாடல்களில் தற்செயலைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார். தலைப்பே 'ஓவியம் 1946' என்றிருக்கும் படம், வயலில் பறவையொன்று வந்திறங்குவதாகத்தான் ஆரம்பித்ததாம். போட்ட கோடுகள் வேறெதையோ சுட்ட, பறவை காணாமல் போயிற்று. நாம் இன்று பார்ப்பது குடைக்கடியில் கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு மனிதனை. முகத்தின் மேற்பாதி நிழலில் மறைந்து, பல் தெரியும் வாய் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பின்னால் பிளந்து தொங்கும் மாட்டுடல். ஆறரை அடி உயரம். 1948-லேயே நியூயார்க் நவீனக் கலை மியூசியம் இதை வாங்கிவிட்டது.

பறவை மாட்டுடலாக முடியுமா? தைல வர்ணத்தில் முடியும். அது சீக்கிரம் காயாது. நாட்கணக்கில் ஈரமாகக் கிடந்து இடம் கொடுக்கும். துணியால் இழுத்தால் இறக்கை தோளாகும். பேக்கன் வர்ணத்தைக் கையால் எறிந்தார், கந்தலால் தேய்த்தார், ஸ்வெட்டர் துணியை ஈரத்தில் அழுத்தி அதன் பின்னல் தடத்தைச் சதையின்மேல் பதித்தார். இதில் கைதான் முன்னே போகிறது. புத்தி சற்றுப் பின்தங்கித்தான் வந்து சேரும்.

ஆனால் 1940-களின் இறுதியில் அவர் இன்னொன்றும் செய்தார். கான்வாஸைத் திருப்பிப் போட்டு, பூச்சுக் கொடுக்காத பின்புறத்தில் வரைய ஆரம்பித்தார். அங்கே வர்ணம் இழைக்குள் ஊறிவிடும். துடைத்தாலும் கறை போகாது. வங்கிப் பேரேட்டில் தப்பான எண்ணைச் சுரண்டக் கூடாது, கோடிழுத்து அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். பேக்கனின் துணியில் அந்த வசதிகூட இல்லை. தற்செயலை இத்தனை நம்புகிற மனிதர், திருத்த முடியாத பரப்பை ஏன் தேடிப் போனார்? தற்செயலுக்கு ஒரு விலை இருக்க வேண்டும் என்பதனால்தான் என்று நினைக்கிறேன். விழுந்த கோடு நிற்க வேண்டும், இல்லையேல் படமே சாக வேண்டும்.

செத்த படங்கள் அநேகம். 1961-லிருந்து கடைசிவரை அவர் வேலை செய்தது லண்டன் ரீஸ் மியூஸில் 7-ஆம் எண் வீட்டு மாடியறை. 1998-ல் அதன் குப்பை கூளங்களோடு அப்படியே பெயர்த்து டப்ளின் ஹ்யூ லேன் காலரிக்குக் கொண்டுபோனார்கள், 2001-ல் திறந்தார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள். அவற்றில் கத்தியால் கிழித்த கான்வாஸ்கள் சுமார் நூறு. பலவற்றில் முகம் இருந்த இடம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. அதே 1998-ல், முன்கூட்டிச் சித்திரம் போடுவதில்லை என்று சொல்லிவந்தவரின் சித்திரங்கள் லண்டன் டேட் காலரிக்கு வந்து சேர்ந்தன. பேக்கன் பொய் சொன்னார் என்று கேஸை முடித்துவிடலாம்தான். எனக்கு அதில் சுவாரஸ்யமில்லை. அந்த நூறு கிழிசல்களில்தான் இருக்கிறது. கை எதை வேண்டுமானாலும் கொண்டுவரட்டும். வந்ததை வேண்டாமென்று சொல்லும் கண் எங்கிருந்து வந்தது?

அந்தக் கண்ணுக்குத் தீனி நிறைய. 1650-ல் வெலாஸ்க்வெஸ் வரைந்த போப் பத்தாம் இன்னொசென்ட், ஐஸன்ஸ்டைனின் 'பொட்டெம்கின்' (1925) படத்தில் அலறும் தாதி, மைப்ரிட்ஜின் நகரும் உடல்கள். வெலாஸ்க்வெஸின் போப்பைத் திரும்பத் திரும்ப வரைந்தவர், 1954-ல் ரோமில் இருந்தும் அசலைப் போய்ப் பார்க்கவில்லை. அவருக்கு அச்சுப் பிரதியே போதுமானதாக இருந்தது. பேக்கனை அச்சில் மட்டுமே பார்த்திருக்கும் எனக்கு இது ஓர் அற்ப ஆறுதல்.

போப் படங்கள் தோல்வி என்று பின்னால் அவரே வருத்தப்பட்டார். ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். 1953-ல் வரைந்ததில் செங்குத்துக் கோடுகள் மழைபோல் முகத்தினூடே இறங்கி அலறலைப் பாதி விழுங்கிவிடுகின்றன, அது நிற்கிறது. மற்ற சிலவற்றில் அலறல் தூரிகைக்கு முன்பே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து பிற்காலத்தில். படத்தின் குறுக்கே வெள்ளை வர்ணம் ஒரு வீச்சு விழுகிறது. முதல் தடவை அது விபத்து. பத்தாம் தடவை கையெழுத்து. உள்ளுணர்வுக்கு எதிரி சிந்தனை என்றுதான் நம்மவர்கள் நினைக்கிறார்கள். பழக்கத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

1944-ல் சிலுவையடியில் மூன்று உருவங்கள் என்று ஒரு முப்படம் வரைந்தார். 44 ஆண்டுகள் கழித்து, 1988-ல், அதே மூன்றையும் இரண்டு மடங்குக்கு மேல் பெரிய அளவில் மறுபடி வரைந்தார். இரண்டும் டேட்டில்தான் இருக்கின்றன. முதலாவதன் ஆரஞ்சு நிறம் அட்டையில் முரட்டுத்தனமாகத் தேய்க்கப்பட்டு, உருவங்களை நெருக்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டாவதில் ஆழ்ந்த சிவப்பு, வழவழவென்று, நிறைய இடம் விட்டு. கை எங்குமே தடுமாறவில்லை.