எட்டு வயதுக் கோடு

மழைக்காலக் காய்ச்சல் பற்றித் தமிழில் தேடினால் 'உண்ணிக் காய்ச்சல்' என்ற பெயர் கண்ணில் படும். ஸ்க்ரப் டைஃபஸுக்குச் செய்தித்தாள்கள் வைத்த பெயர். அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு மேலும் தோண்டினால் பல நேரம் அமெரிக்காவின் லைம் நோயில் போய் நிற்போம். அங்கே சின்னப் பிள்ளைகளுக்கான சிகிச்சைக் குறிப்பில் அமாக்ஸிசிலின் இருக்கும். எட்டு வயதுக்குக் கீழே டாக்ஸிசைக்ளின் வேண்டாம், பல் கறையாகும் என்ற பழைய எச்சரிக்கையும் கூடவே இருக்கும். இந்த இரண்டு தகவலையும் ஒரத்தநாடு, பாபநாசம் பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்குப் பொருத்தினால் என்ன ஆகும்?

முதலில் பெயர். லைம் நோயைப் பரப்புவது நிஜமாகவே உண்ணி. ஸ்க்ரப் டைஃபஸைப் பரப்புவது மைட் என்கிற, கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத பூச்சியின் குஞ்சுப் பருவம். 'உண்ணி' என்றதும் நம்ம ஜனங்க மாட்டையும் நாயையும் பார்ப்பாங்க. பார்க்க வேண்டிய இடம் வரப்புப் புல், வாய்க்கால் கரைக் காட்டாமணக்குப் புதர், ஆற்றுப் படுகை. இந்த மைட் எலியை ஒட்டி வாழ்வது. நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்கிட்டிக்குப் பேர்போன தஞ்சாவூருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வரப்பில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைக்குக் கடி வலிப்பதில்லை. நாலைந்து நாள் கழித்து அங்கே சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுத்த பொருக்கு மட்டும் தெரியலாம். அதுவும் அக்குளில், தொடை இடுக்கில், காதுக்குப் பின்னால். சட்டையைக் கழற்றிப் பார்க்காவிட்டால் அகப்படாது. எல்லோருக்கும் அது வருவதும் இல்லை.

பெயர்க் குழப்பம் வெறும் மொழிச் சிக்கல்னு விட்டுட முடியாது. அது மருந்து வரைக்கும் போகுது. லைம் கிருமிக்கு அமாக்ஸிசிலின் நன்றாகவே வேலை செய்யும். 2020-ல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில், தோலில் வரும் ஆரம்பப் படைக்கு டாக்ஸிசைக்ளின் 10 நாள் அல்லது அமாக்ஸிசிலின் 14 நாள். எதைக் கொடுத்தாலும் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியான ஓரியென்ஷியா நம் உடம்பின் செல்களுக்கு உள்ளேயே குடியிருப்பது. அமாக்ஸிசிலின், செஃபிக்சிம், செஃப்ட்ரியாக்சோன் எதுவும் அதை அசைப்பதில்லை. முக்கியமாக வேலை செய்வது டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும். பல்லுக்குப் பயந்து டாக்ஸிசைக்ளினை ஒதுக்கினால் லைம் நோயில் நஷ்டம் குறைவு. இங்கே ஒதுக்கிவிட்டு செஃபிக்சிம் சிரப் கொடுத்தால் ஒரு வாரம் வீண். அந்த ஒரு வாரத்தில் நோய் நுரையீரலுக்கும் மூளைக்கும் போகலாம்.

சரி, பல் விஷயத்துக்கு வருவோம். பயம் பொய்யில்லை. டெட்ராசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். வளர்கிற பல்லில் படிந்து மஞ்சளாக, பழுப்பாக நிரந்தரமாகத் தங்கிவிடும். நிரந்தரப் பற்களின் மேல்பகுதி ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிவதால் அங்கே ஒரு கோடு போட்டார்கள். அந்தக் கோட்டை, 1967-ல் வந்த டாக்ஸிசைக்ளினுக்கும், ஒரே குடும்பம் என்பதால், அப்படியே நீட்டிவிட்டார்கள். டாக்ஸிசைக்ளின் கால்சியத்தோடு ஒட்டுவது குறைவு என்பது கணக்கில் வரவில்லை.

இதை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் பரவிய ஓர் அமெரிக்கப் பழங்குடிப் பகுதியில், எட்டு வயதுக்கு முன் டாக்ஸிசைக்ளின் எடுத்த 58 பிள்ளைகளின் பற்களை, எடுக்காத 213 பேரின் பற்களோடு ஒப்பிட்டார்கள். டெட்ராசைக்ளின் கறை ஒருவரிடமும் இல்லை. 58 என்பது சின்ன எண், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தரப்பில், குறுகிய கால டாக்ஸிசைக்ளினால் பல் கெட்டது என்று காட்ட அந்த அளவுக்குக்கூட ஆதாரம் இல்லை. 2018-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 21 நாள் வரை எந்த வயதிலும் கொடுக்கலாம் என்று மாற்றியது. இந்தியக் குழந்தை மருத்துவ அகாடமி அதற்கு முன்பே, 2017-ல், ரிக்கெட்சியா காய்ச்சல்களுக்கு எல்லா வயதிலும் இதுவே முதல் மருந்து என்று சொல்லிவிட்டது. ஐ.சி.எம்.ஆர். வழிகாட்டுதலிலும் 45 கிலோவுக்குக் கீழான பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற அளவு இருக்கிறது: ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், இரண்டு வேளையாக. கோடு காகிதத்தில் அழிந்தாயிற்று. மனசில்தான் அழியவில்லை. மருந்துக்கடைக்காரரும் தாத்தா பாட்டியும்கூட 'பல்லு போயிடும்' என்று சொல்லக் கேட்கலாம்.

நடைமுறைச் சிக்கலும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 27 மில்லிகிராம். 100 மில்லிகிராம் மாத்திரையில் சுமார் கால் பங்கு. உடைத்து, தேனில் குழைத்துக் கொடுத்தால் பாதி வாந்தியாகும். சிரப்பாகக் கிடைக்கும் அசித்ரோமைசினை மருத்துவர் தேர்ந்தெடுத்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவது மருந்துக்குப் போவதுதான் என் விமர்சனம்.

அதன் விலை என்ன என்பதற்கு கோரக்பூர் சாட்சி. அங்கே வருஷா வருஷம் மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சலில் பிள்ளைகள் செத்தார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நெடுநாள் நினைத்தார்கள். நம் சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தாரும் சேர்ந்து தேடியபோது, அந்தப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் ஸ்க்ரப் டைஃபஸின் தடயம் இருந்தது. அதன் பிறகுதான், மழைக்காலத்தில் காய்ச்சலோடு வரும் பிள்ளைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே டாக்ஸிசைக்ளினோ அசித்ரோமைசினோ தொடங்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் முந்திக் கிடைக்கும் மாத்திரைதான் அங்கே வித்தியாசம்.

ஆய்வுலகத்தின் மீதும் ஒரு புகார் உண்டு. வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான பெரிய சோதனையில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பு வழியே கொடுத்தபோது மோசமான விளைவு 33 சதவீதம். தனித்தனியாகக் கொடுத்தபோது 47, 48 சதவீதம். அருமையான வேலை. ஆனால் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் 15 வயதும் அதற்கு மேலும். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு மருத்துவர் பெரியவர்களின் கணக்கைக் கடன் வாங்கித்தான் முடிவெடுக்கிறார். பிள்ளைகளை ஆய்வில் சேர்க்காத தயக்கமும், பிள்ளைகளுக்கு மருந்து எழுதாத தயக்கமும் எனக்கு ஒரே ஜாடையாகத் தெரிகிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய் மாத்திரை வாங்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைக்கு ஐந்து நாளாகக் காய்ச்சல் விடவில்லை, டெங்கு இல்லை என்று வந்துவிட்டது என்றால், உடம்பு முழுக்கப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். 'இது ஸ்க்ரப் டைஃபஸா இருக்குமா டாக்டர்?' என்று கேளுங்கள். டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் பல்லை நினைத்துப் பாதியில் நிறுத்தாதீர்கள். சரியான நோய்க்குச் சரியான மருந்து என்றால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.